பங்குதாரரும் பங்கு மக்களும்



திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய உவமையைத் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்தது நியாயமா என்ற கேள்வியோடு நாங்கள் மறையுரையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அக்கதையின் தொடக்கத்திலேயே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த வீட்டுத்தலைவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார்; மாலையில் கூலி கொடுப்பவர் அவரே. ஆயினும் விடியற்காலை தொடங்கி ஐந்து முறை சந்தைவெளிக்கு ஆள் தேடிப் போகிறவர் வீட்டுத்தலைவர்தாம். வேலையின்றி நிற்பவர்களின் முகங்களை அவர் தம் கண்ணால் காண்கிறார். ஏன் நிற்கிறீர்கள் என்று வாய் திறந்து கேட்கிறார்.

இன்றைய தொழில் உலகில் அந்த வீட்டுத்தலைவரை எங்கே போய்த் தேடுவது? ஆலை இருப்பது ஓர் ஊரில். அதை நடத்தும் நிறுவனம் இருப்பது வேறோர் ஊரில். அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிய பெரிய நிறுவனம் இருப்பதோ கடலுக்கு அப்பால். அதற்கு உரிமையாளர்கள் எனப்படுவோர் பங்குச் சந்தையில் அன்றாடம் வாங்கி விற்கும் ஆயிரமாயிரம் பேர். தமிழில் நாம் 'பங்கு' என்னும் ஒரே சொல்லை இரண்டிற்கும் வழங்குகிறோம். கம்பெனியின் ஒரு கூறும் பங்கு. ஒரு குருவின் பொறுப்பில் உள்ள இறைமக்களின் கூட்டமும் பங்கு. முன்னதை உடையவர் பங்குதாரர். பின்னதில் வாழ்பவர் பங்கு மக்கள். இவ்விரு பங்குகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஓர் ஊரின் கதையை இம்மாதம் சொல்ல விரும்புகிறேன். ஓர் ஆயரும் அதில் முன்னின்றார் என்பதால் நம் குடும்பங்கள் அதை அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், மஹோனிங் என்னும் ஆற்றின் கரையில் உள்ளது யங்ஸ்டவுன் நகரம். 1900-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் செல்வர்கள் சிலர் ஒன்றுகூடி, 'யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப்' என்ற எஃகுக் கம்பெனியைத் தொடங்கினர். வேறு பெரிய எஃகுக் கம்பெனிகளும் அங்கே வந்தன. ஸ்லோவாக்கியா, இத்தாலி, போலந்து, குரோவாசியா, ஹங்கேரி, அயர்லாந்து எனப் பல நாடுகளிலிருந்து ஏழைகள் கப்பலேறி வந்து உலைகளின் முன் நின்றனர். அவரவர் மொழியில் செபிக்க அவரவருக்கெனக் கோவில்களையும் கட்டிக்கொண்டனர். ஆலைப் புகையும் கோவில் மணியோசையும் ஒரே வானத்தில் கலந்த ஊர் அது.

அந்த உள்ளூர் முதலாளிகளைப் புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1916-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போதும், 1937-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போதும் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிர்கள் போயின. ஆனாலும் அம்முதலாளிகள் சண்டை போடுவதற்கேனும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர். தங்கள் ஆலைப் புகையைத் தாங்களும் சுவாசித்தனர். ஆலையை ஒட்டிய சிற்றூருக்குக் கம்பெனித் தலைவரின் பெயரையே சூட்டி, கேம்பெல் என்று அழைத்தனர்.

1969-ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொழில்களை ஒரே குடையின்கீழ்ச் சேர்ப்பது அக்காலத்து அமெரிக்கச் செல்வர்களின் நாகரிகமாய் இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கப்பல் தொழில் செய்து வந்த லைக்ஸ் என்னும் நிறுவனம், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இந்த எஃகுக் கம்பெனியை வாங்கியது. சிறியது பெரியதை விழுங்கியது எப்படி என்று கேட்பீர்கள். கடன் வாங்கித்தான். ஒருவன் கடன் வாங்கிக் கறவைப் பசு ஒன்றை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலை விற்ற காசு முழுவதும் வட்டிக்கே போகிறது. புண்ணாக்கு வாங்கக் காசில்லை. சில ஆண்டுகளில் பசு வற்றிவிடுகிறது. அப்போது அவன், "மாடு சரியில்லை, அடிமாட்டிற்குத் தள்ளுகிறேன்" என்கிறான். எஃகு ஆலையில் கிடைத்த வருவாய் எஃகு ஆலைக்குத் திரும்பி வராமல், கடனுக்கும் பிற தொழில்களுக்கும் போயிற்று.

அதே ஆண்டுகளில் உலகின் மற்ற நாடுகள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 1952-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டில் ஆக்சிஜனைச் செலுத்தி எஃகு வடிக்கும் புதிய உலை முறை நடைமுறைக்கு வந்தது. பழைய திறந்த உலையில் எட்டு மணி நேரம் பிடித்த வேலை, இப்புதிய உலையில் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. ஜப்பான் இம்முறையை இருகை நீட்டி ஏற்றது. யங்ஸ்டவுன் தொழிலாளர்களோ 1977-ஆம் ஆண்டிலும் தம் தந்தையர் காலத்துத் திறந்த உலைகளின் முன்பே வியர்வை சிந்திக்கொண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் உலக எஃகில் ஏறத்தாழப் பாதியை உற்பத்தி செய்த அமெரிக்கா, 1970-களில் தனக்கு வேண்டிய எஃகையே வெளிநாட்டில் வாங்கும் நிலைக்கு வந்திருந்தது. அந்நிய இறக்குமதியே காரணம் என்று கம்பெனி சொன்னது. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. பழுது பார்க்காத வீடு மழையில் இடிந்தால், மழையை மட்டும் குறை சொல்வது முறையாகுமா?

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கேம்பெல் ஆலையின் பெரும்பகுதி மூடப்படும் என்றும், ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழப்பர் என்றும் அறிவிப்பு வந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அவ்வூரார் அந்நாளைக் 'கருப்புத் திங்கள்' என்றே இன்றும் அழைக்கின்றனர். சில நாட்களுக்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் தொழிலாளர்கள் பேருந்துகளில் வாஷிங்டனுக்குக் கொண்டு சென்றனர். பயன் ஒன்றும் விளையவில்லை.

அந்நாளில் யங்ஸ்டவுன் மறைமாவட்டத்தின் ஆயராய் இருந்தவர் மேதகு ஜேம்ஸ் மலோன் அவர்கள். அவ்வூரிலேயே பிறந்தவர். வேலையிழந்தோருக்கு அரிசியும் துணியும் கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பினால் ஆயரின் கடமை முடிந்தது என்று பலர் நினைத்திருக்கக்கூடும். அவர் அப்படி எண்ணவில்லை. எபிஸ்கோப்பல் சபையின் ஆயர் ஜான் பர்ட் அவர்களோடு சேர்ந்து, பிற சபைக் குருக்களையும் யூதச் சமயத் தலைவர்களையும் அழைத்து, ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார். அவர்கள் வெளியிட்ட மேய்ப்புப்பணி மடல், ஆலையை மூடுவது பொருளாதாரக் கணக்கு மட்டுமன்று, அறநெறிக் கேள்வியும் ஆகும் என்று எடுத்துரைத்தது. அம்மடலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. "ஆலையை நீங்கள் நடத்தாவிட்டால் எங்களிடம் விற்றுவிடுங்கள், தொழிலாளரும் ஊராரும் சேர்ந்து நடத்துகிறோம்" என்னும் நிலைக்கு வந்தனர்.

இதைக் கேட்டு நகைத்தவர்கள் உண்டு. கோவில்காரர்களுக்கு எஃகைப் பற்றி என்ன தெரியும் என்றனர். தொழிற்சங்கத்தின் தேசியத் தலைமையே தொடக்கத்தில் தயங்கி நின்றது. ஆனால் ஊரார் நகைக்கவில்லை. 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்ற பெயரில் வங்கிகளில் சேமிப்புக் கணக்குகள் திறக்கப்பட்டன. தனி மனிதரும் கோவில்களும் துறவறச் சபைகளும் போட்ட பணம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆய்வறிஞர்களைக் கொண்டு திட்டமும் வகுத்தனர். புதிய உலைகள் அமைக்க வேண்டும். அதற்குப் பெருங்கடன் வேண்டும். 24 கோடியே 50 லட்சம் டாலர் கடனுக்கு நடுவண் அரசு பிணை நிற்க வேண்டும் என்று கேட்டனர். 1979 மார்ச் மாதத்தில் அரசு மறுத்துவிட்டது. சேமிப்புக் கணக்கில் போட்டவர்களுக்கு அவரவர் பணம் திரும்பியது. வேலை திரும்பவில்லை.

இதற்கிடையில் இணைப்பின்மேல் இணைப்பு ஒன்றும் நடந்தது. லைக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டில் எல்.டி.வி. என்னும் இன்னும் பெரிய நிறுவனத்தோடு சேர விரும்பியது. இரண்டும் எஃகுத் தொழிலில் உள்ளவை. ஆகவே இவ்விணைப்பு கூடாது என்று அரசின் சட்டத்துறை வல்லுநர்களே கருத்துரைத்தனர். ஆயினும், நொடிந்துபோகும் கம்பெனியைக் காப்பாற்றும் வழி என்று சொல்லித் தலைமைச் சட்ட அமைச்சர் அதற்கு இசைவளித்தார். காப்பாற்றப்பட்டது எது? மறு ஆண்டின் முடிவில் யங்ஸ்டவுனில் எஞ்சியிருந்த பிரையர் ஹில் ஆலையும் மூடப்பட்டது.

எல்.டி.வி.யின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். 1986 ஜூலையில் அது திவால் நீதிமன்றத்தை நாடியது. உடனே ஓய்வுபெற்ற தொழிலாளரின் மருத்துவக் காப்பீட்டை நிறுத்தியது. முப்பது ஆண்டு உலை வெப்பத்தில் நின்று நுரையீரல் கெட்ட முதியவர்களுக்கு, அவர்கள் ஒருநாளும் வேலை செய்திராத பெயருடைய ஒரு கம்பெனி, மருந்துச் செலவு இனி இல்லை என்றது! முதியோர் தெருவுக்கு வந்து போராடிய பிறகே, நாடாளுமன்றம் தலையிட்டு அது மீண்டும் வழங்கப்பட்டது. இணைப்பு எனும்போது சொத்துகள் இணைகின்றன. கொடுத்த வாக்குகளோ கைக்குக் கை மாறி, யாருடைய வாக்கு என்று தெரியாமல் தேய்ந்துவிடுகின்றன. பெயர்ப்பலகை மாறும்போது நம் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுவே: ஓய்வூதியத்திற்கு இனி யார் பொறுப்பு?

அதே நகரத்தில் யூ.எஸ். ஸ்டீல் நிறுவனத்திற்கும் இரண்டு ஆலைகள் இருந்தன. அவற்றையும் மூடுவதாக 1979 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஆலை இலாபம் காட்டினால் மூடமாட்டோம் என்ற நிர்வாகத்தின் சொல்லை நம்பி, சலுகைகளை விட்டுக்கொடுத்துக் கூடுதலாய் உழைத்த தொழிலாளர்கள் நீதிமன்றம் சென்றனர். விசாரணையின்போது நடுவர் தாமஸ் லாம்ப்ரோஸ் அவர்கள் புதுமையான ஒரு கருத்தை வெளியிட்டார். கம்பெனியும் ஊரும் இத்தனை தலைமுறைகளாய் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்திருக்க, அவ்வுறவிலிருந்து ஊராருக்கு ஒருவகைச் சொத்துரிமை பிறந்திருக்கக் கூடாதா என்பதே அதன் சாரம். நீதிமன்றத்தில் இருந்தவர்களின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்! ஆனால் தீர்ப்பு வந்தபோது, அத்தகைய உரிமையை நாட்டின் சட்டம் இதுவரை அறியவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

1982 ஏப்ரலில் அவ்வாலையின் ஊது உலைகளை வெடிவைத்துத் தகர்த்தனர். எஃகு ஆலைகளைப் புதுப்பிக்கப் பணமில்லை என்ற அதே நிறுவனம், அதே 1982-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 600 கோடி டாலர் கொடுத்து மாரத்தான் என்னும் எண்ணெய்க் கம்பெனியை வாங்கியது. இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

சட்டம் அறியாத அவ்வுரிமையைத் திருச்சபை அறியும். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் சுற்றுமடலின் தொண்ணூறாம் ஆண்டு நினைவாக, 1981 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். இளமையில் கல்லுடைக்கும் சுரங்கத்திலும் இரசாயன ஆலையிலும் உழைத்தவர் அவர். முதலுக்கு முன்னே உழைப்பு என்பது அம்மடலின் உயிர். முதல் என்பதும் முந்தைய தலைமுறையின் உழைப்பால் விளைந்ததன்றி வேறென்ன? தனியுடைமையைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் எல்லார்க்கும் படைக்கப்பட்ட பொருள் எல்லார்க்கும் பயன்பட வேண்டும் என்னும் முதல் நியதிக்கு அது கட்டுப்பட்டது என்று கற்பிக்கிறது. கூலி கொடுப்பவர் நேரடி வேலையளிப்பவர். அவரை அப்படியோ இப்படியோ நடக்கச் செய்யும் அரசும் பன்னாட்டு நிறுவனங்களும் மறைமுக வேலையளிப்பவர். அவர்களும் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அம்மடல் தந்த அரிய கருத்து. 2025-இல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை அந்தப் பழைய சிங்கராயரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டதற்கும் தொழிலாளர் கேள்வியே ஒரு காரணம் என்று கூறியிருக்கிறார்.

ஆயர் மலோன் அவர்கள் 1983 முதல் 1986 வரை அமெரிக்க ஆயர் பேரவையின் தலைவராய் இருந்தார். அவர் தலைமையின் இறுதியில், 1986 நவம்பரில், எல்லார்க்கும் பொருளாதார நீதி என்னும் பொருளில் அந்நாட்டு ஆயர்கள் வெளியிட்ட மடல் உலகெங்கும் பேசப்பட்டது. 1988-ஆம் ஆண்டில், நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஆலையை மூடுவதாயின் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற சட்டமும் அந்நாட்டில் வந்தது. ஒரு திங்கட்கிழமைக்கு அறுபது நாள் ஈடாகுமா? ஆகாது. ஆனால் அதுவும் வாதாடாமல் வந்ததன்று.

ஆலைகளை மூடுவது ஒரு வகை. ஆலையை ஓடவிட்டுக்கொண்டே, அதன் வேலையைத் துண்டு துண்டாய்ப் பிய்த்துக் கூலி குறைந்த இடங்களில் செய்வித்துக்கொள்வது இன்னொரு வகை. இதில் சத்தம் இல்லை. கருப்புத் திங்களும் இல்லை. யங்ஸ்டவுனை அடுத்த வாரன் நகரத்தில் மோட்டார் வண்டிகளுக்கான மின்கம்பித் தொகுதிகளைச் செய்து வந்த பேக்கார்ட் நிறுவனம், 1970-களின் இறுதியிலிருந்து அவ்வேலையை மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோயிற்று. அருகிலுள்ள லார்ட்ஸ்டவுனில் 1966 முதல் கார் செய்து வந்த பெரிய ஆலையும் 2019 மார்ச்சில் நின்றது.

"சுவாமி, அங்கே போகிற வேலைதானே நம்மைப் போன்ற ஏழை நாடுகளுக்கு வருகிறது? நாம் ஏன் அழ வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெக்சிகோவின் ஏழைப் பெண்ணுக்கும் அடுப்பு எரிய வேண்டும். அவளும் இறைவனின் மகளே. யங்ஸ்டவுன்காரனின் கூலி என்றென்றும் உயர்ந்தே இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றுமடலும் சொல்லவில்லை. ஆனால் நமக்கு வந்த வேலை நம்மிடம் தங்கிற்றா என்று பாருங்கள். திருப்பெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டில் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்து இளம்பெண்கள் பலர் முதன்முதலாய் மாதச் சம்பளம் கண்டது அங்கேதான். 2014 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரித் தகராற்றில் சிக்கியிருந்த நம் ஊர் ஆலை மட்டும் அவ்விற்பனையில் சேராமல் தனியே விடப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. இங்கும் அந்தப் பெண்கள் கெட்டிக்காரத்தனமாய் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எங்கோ எழுதப்பட்ட விற்பனைப் பத்திரத்தின் ஒரு வரியில் அவர்கள் இல்லை; அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். தொலைவில் இருக்கும் அந்த முகமற்ற பங்குதாரர் யார்? நம் பங்கு மக்களிலேயே பலர் இன்று மாதந்தோறும் பரஸ்பர நிதியில் பணம் போடுகின்றனர். மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்பிற்கும் அது வளர வேண்டும் என்று விரும்புகின்றனர், அதில் பாவமில்லை. ஆனால் ஏதோ ஓர் ஆலை மூடப்பட்ட செய்தியால் பங்கின் விலை ஏறி, நம் சேமிப்பும் ஏறியிருக்கும் நாள் ஒன்று வரும். அன்று சந்தைவெளிக்குப் போகாத வீட்டுத்தலைவர் நாமே. தலைமுறை தலைமுறையாய்த் தொழிலாளர் பக்கம் நின்று செபித்த வீடுகளில், இக்கேள்வியை இரவு செபமாலை முடிந்தபின் பிள்ளைகளோடு பேசிப் பார்க்கலாம். விடை எளிதாய்க் கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

யங்ஸ்டவுன் இன்று எப்படி இருக்கிறது? 1930-இல் 1,70,000 பேர் வாழ்ந்த நகரம் அது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 60,000 பேர். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போயினர். ஞானஸ்நானங்கள் குறைந்து அடக்கச் சடங்குகள் மிகுந்தன. கப்பலேறி வந்தவர்கள் மொழிக்கொன்றாய்க் கட்டிய கோவில்களில் பலவற்றை மறைமாவட்டமே பின்னாளில் ஒன்றோடொன்று இணைக்க நேர்ந்தது. ஆம், அங்கேயும் இணைப்புத்தான். கம்பெனிகளின் பங்குகள் இணைந்ததன் கடைசிப் பலனாய்க் கோவில் பங்குகளும் இணைந்தன. ஆயர் மலோன் அவர்கள் 1995 வரை அம்மறைமாவட்டத்தை வழிநடத்தி, 2000-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார்.

யங்ஸ்டவுன் ஆலைகளைத் தகர்த்த அந்த யூ.எஸ். ஸ்டீல் நிறுவனத்தையே 2025 ஜூன் மாதத்தில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கிவிட்டது. எந்த நாட்டு எஃகைக் காரணம் காட்டி அன்று ஆலைகளை மூடினார்களோ, அந்த நாட்டின் கம்பெனியே! ஆனால் இம்முறை அமெரிக்க அரசு சும்மா இசைவளிக்கவில்லை. 'தங்கப் பங்கு' என்று ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டது. தலைமையகத்தை இடம் மாற்றுவதானாலும், வேலைகளை வெளிநாட்டிற்குக் கொண்டுபோவதானாலும், குறித்த காலத்திற்குள் ஆலையை மூடுவதானாலும் அரசைக் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆலையை மூடுவதில் ஊராருக்கும் ஒரு சொல் உண்டு என்று 1977-இல் அந்த ஆயர்கள் கேட்டபோது, அப்படி ஓர் உரிமையே இல்லை என்றார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வுரிமைக்கு ஒரு பெயரும் கிடைத்துவிட்டது, ஒரு பத்திரமும் கிடைத்துவிட்டது. அப்பத்திரம் அரசின் பெட்டியில் இருக்கிறது. உலைமுன் நிற்பவர்களிடம் இல்லை.